ஊர்ப் பத்திரிகையும் 30 நாட்களும்

நம் வாசிகசாலைகளில் பத்திரிகை வந்ததும் நாம் முதலில் தேடுவது அரசியற் செய்தி. அடுத்தது மரண அறிவித்தல். அரச அறிவித்தல்கள் உள்ள பக்கத்தைப் பலர் புரட்டுவதே இல்லை. நமது கரையின் எதிர்காலம் சில வேளைகளில் அந்தப் பக்கத்திலேயே கிடக்கிறது.

சட்டம் தரும் வாய்ப்பு

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டது. பெருந்திட்டம் ஒன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானால், அதை வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒவ்வொரு பத்திரிகையிலும் அறிவிக்க வேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம். அறிவித்தலைக் காணாத ஊருக்கு அந்த உரிமை இருந்தும் இல்லாததே.

மன்னாரின் அனுபவம்

தீவின் தென்கரையில் மின்சார சபையின் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டன. அவற்றின் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. புகையற்ற மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மழைநீர் வடியாமல் நிற்கிறது, மீன்பாடு குறைகிறது என மக்கள் முறையிட்டனர். மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து 2025 ஆகஸ்ட்டில் மக்கள் திரண்டபோது, அரசு காற்றாலை வேலைகளை ஒரு மாதம் இடைநிறுத்தியது.

நமது தீவு தாழ்ந்த மணல் நிலம். மணலுக்கடியில் தங்கும் மழைநீரே கிணற்று நன்னீர். அதற்குக் கீழே உவர்நீர். ஆகவே மக்களின் அச்சம் வீணானதன்று. எனினும் அச்சம் மட்டும் சான்றாகாது. வெள்ளம் முன்பு எத்தனை நாள் நின்றது, இப்போது எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்டால், ஆண்டுதோறும் எழுதிவைத்த ஊரே பதில் சொல்ல முடியும்.

செய்தி சான்றாவது எப்படி?

நாம் வாசிக்கும் நாளிதழ்கள் வெளியூரில் அச்சாகின்றன: 1930 இல் தொடங்கிய வீரகேசரி கொழும்பில், 1985 இல் தொடங்கிய உதயன் யாழ்ப்பாணத்தில். பிரதேச நிருபர் ஒருவரால் எல்லாக் கிராமங்களுக்கும் செல்ல இயலாது. செய்தியை நாமே கொடுக்க வேண்டும். "ஊர் வெள்ளத்தில் மூழ்கியது" என்பது ஒரு நாட் செய்தி. எந்தத் திகதியில் மழை, எந்த ஒழுங்கையில் எத்தனை அடி நீர், எத்தனை நாளில் வடிந்தது, எந்த மதகு அடைபட்டிருந்தது என்று எழுதினால் அது பத்தாண்டுக்குப் பின்னும் பயன்படும். அதிகாரியின் பதிலையும் சேர்த்தே வெளியிட வேண்டும். அப்போதுதான் அது நம்பத்தக்கதாகும்.

நம் குறைகளையும் எழுதுவோம்

அடியிழுவை மீன்பிடி 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளைக் கண்டிக்கிறோம், அது நியாயமே. ஆனால் நம்மவர் தடைசெய்த வலை போடுவதையும், கண்டல் மரம் வெட்டுவதையும், 2008 இல் சரணாலயமாகி 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைப் பகுதியில் குப்பை கொட்டுவதையும் யார் எழுதுவது? அயலவரின் தவற்றை எழுதுவது ஊர்ப் பத்திரிகைக்கு மிகக் கடினம். அதைச் செய்யாத பத்திரிகை, வெளியாரைக் குறைசொல்லும்போதும் வலுவிழக்கும்.

நாம் செய்யக்கூடியவை

1. வாசிகசாலையில் அரச அறிவித்தல்களை வெட்டி ஒட்ட ஒருவரை நியமிப்போம். 30 ஆம் நாளை அதன்மேல் எழுதுவோம்.
2. மழை, கிணற்று நீரின் சுவை, மீன்பாடு ஆகியவற்றுக்கு ஒரு கொப்பி வைப்போம்.
3. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்போம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும்.

கலந்துரையாட

நமது கிராமத்தைப் பற்றிக் கடைசியாக வந்த சுற்றாடற் செய்தி எது? அதை யார் கொடுத்தார்? நாம் கொடுக்கத் தயங்கிய செய்தி எது? ஏன்?