கடைத்தெருவின் எல்லை

நாட்டிற்கு எல்லை உண்டு. ஊருக்கும் எல்லை உண்டு. அவற்றை மலையும் ஆறும் நாட்டிய கல்லும் காட்டி நிற்கும். கடைத்தெருவிற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எவ்வளவு தொலைவிலுள்ள மக்கள் அத்தெருவை நாடி வருகின்றனரோ அவ்வளவு தொலைவே அதன் எல்லையாகும். அதனை வகுப்பவர் அரசரும் அல்லர், வணிகரும் அல்லர், பையைக் கையில் எடுத்து வீட்டினின்றும் புறப்படும் எளிய மக்களே ஆவர். அவர்கள் எவற்றைக் கருதி எவ்வளவு தொலைவு செல்கின்றனர் என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண் கருதத்தக்கது வாங்கும் பொருளின் இயல்பு. உப்பும் கறிவேப்பிலையும் அடிக்கடி வேண்டப்படுவன, விலை குறைந்தன. அவற்றின்பொருட்டு நெடுந்தொலைவு செல்வார் இலர். பத்து ரூபாய்ப் பொருளுக்கு இருபது ரூபாய் வண்டிச் சத்தம் கொடுத்தல் அறிவுடைமை ஆகாதன்றோ? மணமகளுக்குரிய பட்டாடையும் பொன்னணியும் அத்தகையன அல்ல. அவை அரிதாக வாங்கப்படுவன, விலை மிக்கன. அவற்றை வாங்கப் புறப்படுவோர் வழிச்செலவைப் பெரிதாக எண்ணார்.

வால்டர் கிறிஸ்டாலர் என்னும் செருமானிய நிலவியல் அறிஞர், தென் செருமனியின் ஊர்களை ஆராய்ந்து 1933-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவுபடுத்தினார். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு அளவுகள் உண்டு என்பது அவர் கருத்து. அப்பொருளை நாடி மக்கள் செல்ல ஒருப்படும் மிகுதியான தொலைவு ஒன்று. அதனை விற்கும் கடை நிலைபெறுதற்கு வேண்டிய குறைந்த அளவு வாடிக்கை மற்றொன்று. அத்தொலைவிற்குள் அவ்வளவு வாடிக்கை கிடைப்பின் கடை வாழும். கிடையாவிடின் கதவு அடைக்கப்படும். மளிகைக் கடைகள் பலவாகப் பரந்திருப்பதற்கும், நகைக் கடைகள் சிலவாக ஓரிடத்தில் கூடியிருப்பதற்கும் காரணம் இதனால் விளங்கும்.

ஒரே தொழிலைச் செய்யும் கடைகள் பக்கத்தில் பக்கத்தில் அமைவது, ஒன்றன் வாணிகத்தை மற்றொன்று கெடுப்பதற்கே எனத் தோன்றலாம். உண்மை அதுவன்று. பல கடைகள் கூடியவிடத்து, விலையையும் தரத்தையும் ஒப்புநோக்கித் தேரும் வாய்ப்பு மக்களுக்கு உண்டாகிறது. அவ்வாய்ப்பை நாடித் தொலைவிலுள்ளோரும் வருவர். இதனைப் பண்டைத் தமிழரும் அறிந்திருந்தனர். மதுரை மாநகரில் பொன்னுக்கு ஒரு வீதியும், அறுவைக்கு ஒரு வீதியும், கூலத்திற்கு ஒரு வீதியும் இருந்த செய்தியைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை கூறுகின்றது.

இனி, இரண்டு வணிக நகரங்களுக்கு இடைப்பட்ட ஊரார் எதனை நாடுவர்? வில்லியம் ரெய்லி என்னும் அமெரிக்க அறிஞர் 1931-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விதி வகுத்தார். நகரின் ஈர்ப்பு அதன் மக்கள்தொகைக்கு ஏற்ப மிகும். தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பது அவ்விதி. 80,000 மக்களுடைய நகர் ஒன்றும் 20,000 மக்களுடைய நகர் ஒன்றும் 30 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன எனக் கொள்வோம். பெருநகரிலிருந்து 20 கிலோமீட்டரிலும் சிறுநகரிலிருந்து 10 கிலோமீட்டரிலும் உள்ள இடத்தில் இரண்டின் ஈர்ப்பும் சமமாகும். அதாவது, நான்கு மடங்கு பெரிய நகர் இரண்டு மடங்கு தொலைவு வரையிலேயே ஆட்சி செலுத்துகிறது. அண்மை என்பது சிறியோர்க்கு அமைந்த அரண் என்பது இதனாற் புலனாகும்.

ஆயின், தொலைவு என்பது கிலோமீட்டர்க் கணக்கன்று. டேவிட் ஹஃப் என்னும் அறிஞர் 1960-களில், கடைகளின் பரப்பையும் பயணத்திற்குச் செல்லும் நேரத்தையும் கொண்டு இக்கணக்கைத் திருத்தியமைத்தார். இதற்குச் சென்னையின் தியாகராய நகர் தக்க சான்றாகும். மாம்பலம் ஏரிப் பகுதியைத் திருத்தி 1920-களில் அமைக்கப்பட்ட இந்நகர், அந்நாளில் ஒரு புறநகரே. 1931-ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தை விட்டு இறங்கியவுடன் இரங்கநாதன் தெரு எதிர்ப்படுகிறது. அகலம் குறைந்த அத்தெருவிற்குத் தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ அரைமணியில் வந்துவிடலாம். அதனினும் அண்மையில் வாழ்பவர் ஒருவர், இரண்டு பேருந்து மாறி வரவேண்டியிருப்பின் அவருக்கு அதுவே தொலைவாகிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டில் மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைமேடை திறக்கப்பட்டது. கடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன; அவற்றை அடையும் இடர்ப்பாடே குறைந்தது.

கணக்கில் அடங்காத பொருளும் ஒன்றுண்டு, அது நம்பிக்கை. சரியான எடை, கைக்கு அடங்கிய விலை, முடையுற்ற காலத்துக் கடனாகக் கொடுக்கும் பரிவு ஆகியவற்றை ஒரு கடையில் கண்டவர், குடிபெயர்ந்து சென்ற பின்னரும் அக்கடையைத் தேடி வருவர்.

பெரிய கடைத்தெருவின் எல்லை விரியுங்கால் சிறிய தெருவின் எல்லை சுருங்குகிறது. இக்காலத்தில் கைப்பேசி வழியே பொருள் வீட்டு வாயிலுக்கே வருதலால், அச்சுருக்கம் மேலும் விரைவுறுகிறது. வாடிக்கை குறைந்த சிறுகடை ஒருநாள் மூடப்படின், வண்டி உடையவர்க்கு அது பெரிய இழப்பன்று. நடந்து செல்லும் முதியவர்க்கும், நாட்கூலி பெற்று அன்றன்று அரிசி வாங்கும் ஏழைக்குமோ, தெருமுனை ஒரு கல் தொலைவு விலகிப் போனதாகிவிடும். ஆதலின், நகரமைப்போர் பெருந்தெருவிற்குப் பாலம் அமைக்கும்போதே சிறுதெருவின் நடைபாதையையும் செப்பனிடுதல் வேண்டும். பட்டு வாங்கத் தொலைவு செல்லும் மக்கள், பருப்பு வாங்க அண்மைக் கடையை மறவாதிருத்தல் வேண்டும். கடைத்தெருவின் எல்லையை வகுப்பவை அவர்கள் கால்களே ஆதலின், அதனைக் காப்பதும் அவர்கள் கடனேயாம்.