ஸ்கேன் படத்துக்கு முன்னாடி இருக்கிற டேட்டா

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்திருக்கீங்களா? ஸ்கேன் சென்டர் தரும் படம் மட்டும் போதாது. ப்ரோபின் ஒவ்வொரு எலிமென்டுக்கும் திரும்பி வரும் எதிரொலிதான் ஆர்.எஃப். சிக்னல். மெஷின் அதை பீம்ஃபார்மிங் செய்து, என்வலப் எடுத்து, லாக் கம்ப்ரெஷனில் சுருக்கிப் படமாக்குகிறது. என்வலப் எடுக்கும்போதே ஃபேஸ் போயிடும். படத்திலிருந்து அதை மீட்க முடியாது.

உடம்புக்குள் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும்னு மெஷின் வைத்துக்கொள்கிறது. கொழுப்பில் வேகம் அதைவிடக் குறைவு. இந்தப் பிழையைத் திருத்த ஆர்.எஃப். டேட்டா வேணும். ஆனால் மருத்துவமனை மெஷின்களில் வெண்டர்கள் பெரும்பாலும் அதை வெளியே விடுவதில்லை.

2016-ல் வந்த பிக்மஸ் டேட்டாசெட் இருக்கு: 128 எலிமென்ட் ப்ரோப், 75 கோணங்கள். முதலில் ஒரே கோணத்தில் படம் எடுங்க. பிறகு 75-ஐயும், என்வலப் எடுக்கும் முன்னாடியே, கூட்டிப் பாருங்க. ஃபேஸ் எதுக்குன்னு கண்ணுக்கே தெரியும்.