புதிய ஆசானும் முன்னணியின் மாற்றமும்

கால்பந்தாட்டக் குழுவொன்று அடுத்தடுத்துத் தோல்வியுறுமாயின், "ஆசானை மாற்றுக" என்னும் குரல் எழுதல் உலக வழக்கு. புதியவர் வந்த மறுவாரமே கோல்கள் குவியுமென்று எதிர்நோக்குதலும் அவ்வழக்கின் ஒரு கூறே. ஆடுவோர் பழையவர், களமும் பந்தும் பழையன. அங்ஙனமாயின் வந்தவர் மாற்றத் தக்கது யாது? அமெரிக்கர் ஆடும் முட்டை வடிவப் பந்தாட்டத்தில் தாக்குதலைக் கற்பித்தற்கென்றே தனியொரு பயிற்றாசிரியரை அமர்த்துவர். நமது ஆட்டத்தில் அச்சுமையும் தலைமை ஆசான் ஒருவர் தோளிலேயே நெடுங்காலம் கிடந்தது. அதனைச் சுமந்தவருள் நம் நாட்டில் தலைசிறந்தவர் ஐதராபாத்துச் சையத் அப்துல் ரகீம். அவர் செய்தவற்றை ஆராயின் மேற்கண்ட வினாவிற்கு விடை கிடைக்கும்.

தமிழ் பயில்வோனுக்குப் பந்துக்களத்தில் என்ன வேலை என்பாரும் உளர். வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றனையும் அடுத்தடுத்து வைத்தமையை அவர்க்கு நினைவூட்டுதும். புதிதாய் வரும் ஆசான்மார் பெரும்பாலும் முதலதிகாரத்தோடு நின்றுவிடுவர். எவன் விரைந்தோடுவான், எவன் வலிந்துதைப்பான் என்று மட்டுமே காண்பர். ரகீமின் தனிச்சிறப்பு மூன்றாவதில் விளங்கிற்று.

முன்னாளில் நம்மவர் பின்னே இருவரையும் இடையே மூவரையும் முன்னே ஐவரையும் நிறுத்தி ஆடினர். பண்டைப் படைவகுப்பின் சொற்களாற் கூறின், தூசி பெரிது, கூழை சிறிது. 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் இதன் விளைவு வெளிப்பட்டது. யூகோஸ்லாவியர் நம்மை 10-1 என்னும் கணக்கில் வென்றனர். நம்மவருட் பலர் வெறுங்காலுடன் ஆடினர் என்பதையே எல்லாரும் எடுத்துரைப்பர். அஃது உண்மையே, ஆயினும் பாதிக் காரணமே. காலணி அணிந்த மாத்திரையானே பின்காவலில் உள்ள வெளி அடைபடாதன்றோ? அப்போதும் பயிற்றாசிரியராயிருந்தவர் ரகீமே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மறு ஆண்டு, 1953 நவம்பர் 25ஆம் நாள், இலண்டன் வெம்பிளிக் களத்தில் அங்கேரியர் ஆங்கிலரை 6-3 என வீழ்த்தினர். அவர்களது நடு முன்னணியாளராகிய ஹிதக்குட்டி, தமக்குரிய முனையில் நில்லாது பின்வாங்கி இடைக்களத்தில் நின்றார். அவரைக் காக்க வேண்டிய ஆங்கிலப் பின்காவலர் பெரிதும் இடர்ப்பட்டார். அவரைத் தொடர்ந்து சென்றால் கோலின்முன் வெளி உண்டாகும். தொடராது நின்றால் ஹிதக்குட்டி தடையின்றிப் பந்து பெறுவார். இரண்டும் கேடே. அவ்வொருவரே அன்று மூன்று கோல்கள் அடித்தார். ஒருவன் பத்தடி பின்வாங்குதலால் எதிரியின் காவல் முழுதும் குலையும் என்பதை உலகம் அன்று கண்டது.

இந்நெறியை ரகீம் நம்மவர்க்கேற்பப் பழக்கி, 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்குக் கொண்டு சென்றார். ஆத்திரேலியரை நம்மவர் 4-2 என வென்றனர். நெவில் டிசூசா மூன்று கோல்களும் கிட்டு ஒரு கோலும் அடித்தனர். அரையிறுதியில் எதிர்ப்பட்டவர் பழைய யூகோஸ்லாவியரே. இம்முறை முதற்கோலை நம்மவரே அடித்தனர். முடிவில் 1-4 எனத் தோற்று, நான்காமிடம் பெற்றுத் திரும்பினர். பத்திலிருந்து நான்காகக் குறைந்த அவ்வெண்ணிக்கையை யான் பதக்கத்தினும் பெரிதாக மதிக்கிறேன். புதிய ஆசான் என்பது புதிய ஆளாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. பழைய ஆசானிடத்துத் தோன்றிய புதிய கருத்தும் ஆகலாம்.

இத்தகைய மாற்றத்திற்கு விலையும் உண்டு. நம் காரைக்காற் கடற்கரை மணலில் மாலைதோறும் ஆடுஞ் சிறுவரைக் காண்க. அனைவரும் பந்தைச் சூழ்ந்து திரள்வர். அனைவரும் கோல் அடிக்கவே விழைவர். பின்னே நில் என்றால் முகம் வாடும். வயது வந்தோரிடத்தும் இவ்விழைவு மறைவதில்லை. நாகரிகமாக அடங்கியிருக்கும், அவ்வளவே. முன்னணியாளனைப் பின்வாங்கி நின்று பிறர்க்குப் பந்தளிக்குமாறு ஏவும் ஆசான், அவன் புகழிற் பாதியை விட்டுக்கொடுக்குமாறே கேட்கிறார். அவன் இணங்கும்வரை திட்டம் வெறுஞ் சுண்ணக்கோடே. மேலும், முன்னே ஒருவன் இடம் மாறின் இடைநிலையாளன் எங்கு நிற்பது, பந்தை இழந்தபின் யார் ஓடிவருவது என்பனவெல்லாம் மாறும். மறுவாரமே கோல் குவியாமைக்கு இதுவே காரணம்.

1960இல் ரோம் நகரில் நம்மவர் அங்கேரியரிடம் 1-2 எனத் தோற்றனர். பிரெஞ்சுக்காரரோடு 1-1 எனச் சமன்செய்தனர். இதில் நம் ஊரார்க்குத் தனிச்சுவை ஒன்றுண்டு. 1954 நவம்பர் முதல் நாளிலேயே காரைக்கால் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்துவிட்டதாயினும், சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்டு 16ஆம் நாளே நிறைவேறிற்று. ஆதலின் அந்த ஆட்டத்தில் எப்பக்கம் நம் பக்கம் என்று சட்டநூலாரைக் கேட்டிருப்பின் சற்றே தயங்கியிருப்பர்!

அக்கைமாற்றம் நிகழ்ந்த பத்தொன்பதாம் நாள், 1962 செப்டம்பர் 4இல், ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதியாட்டம் நிகழ்ந்தது. எதிரிகள் தென் கொரியர். முதலாட்டத்தில் நம்மை 2-0 என வென்றவர். இடையே தாய்லாந்தரோடு ஆடுங்கால் நம் பின்காவலர் ஜர்னைல் சிங் தலையிற் காயமுற்றுத் தையலிடப்பட்டார். அவரைப் பின்னே நிறுத்துதல் தகாதெனக் கண்ட ரகீம், விலக்கி இருத்தாமல், முன்னணியில் நிறுத்தினார். கூழையிலிருந்தவர் தூசிக்குச் சென்றார். அரையிறுதியில் தென் வியட்நாமியர்க்கு எதிராக ஒரு கோல், இறுதியாட்டத்தில் ஒரு கோல் என அவர் அடித்தார். பிரதீப் குமார் பானர்ஜி அடித்த மற்றொன்றோடு சேர்ந்து 2-1 எனப் பொற்பதக்கம் நமதாயிற்று. காயத்தை ஆயுதமாக்கிய இச்செயலே இடனறிதலுக்கு யான் காட்டும் தலையாய சான்று.

1963 ஜூன் 11இல் ரகீம் புற்றுநோயால் மறைந்தார். 1970இல் பாங்காக்கில் கிட்டிய வெண்கலத்திற்குப்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நம்மவர் ஆடவர்க்குப் பதக்கமில்லை. ஒருவர் உள்ளத்தில் மட்டும் தங்கிய திட்டம் அவரோடு செல்லும்; மாணாக்கர்பாற் சென்றது எஞ்சும். ரோமில் பெரு நாட்டினரிடம் 1-3 எனத் தோற்ற ஆட்டத்தில் நம் ஒரே கோலை அடித்தவர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த இறுதிக் கோலும் அதுவே. ரகீமிடம் பயின்ற அவரே பின்னர்க் கேரளக் குழுவிற்கு ஆசானானார். 1973இல், எறணாகுளத்தில், இரயில்வே குழுவை 3-2 என வென்று கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைக்கொண்டது.