குழந்தையின் ரத்தத்தில் இருப்பது யாருடையது?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்குத் திருத்தணி. தாய்வீடு ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரி. மூன்றாம் மாதம் பரிசோதித்தபோது எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்று முதல் ஒரு வேளைகூட மாத்திரையை விட்டதில்லை. எட்டாம் மாதம் வைரல் லோடு பார்த்ததில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில், சுகப்பிரசவம். பையனுக்கு ஆறு வாரம் நெவிரபின் சிரப் கொடுத்தோம். ஆறாவது வாரச் சோதனையில் கிருமி இல்லை என்றார்கள். இப்போது அவனுக்கு நாலு மாதம். போன வாரம் சளி, காய்ச்சலுக்காக ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. 'பாசிட்டிவ்' என்று சீட்டு வந்திருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பாலை நிறுத்து என்கிறார் மாமியார். ஆடிக் கிருத்திகைக்கு மலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல் வேறு. என்ன செய்வேன்?
— பெயர் வேண்டாம், திருத்தணி

பதில்: பால் கொடுங்கள், தங்கச்சி. இன்று ராத்திரியும் கொடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அந்த லேபில் பார்த்தது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. உங்கள் பையன் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் அவனுடையதாக இருக்க வேண்டியதில்லை, உங்களுடையதாகவே இருக்கலாம். கர்ப்பத்தில் உங்களுக்கு ரணஜன்னி ஊசி போட்டார்களே, எதற்கு? உங்கள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிறந்த கையோடு அவனைக் காக்கட்டும் என்றுதான். கடைசி மூன்று மாதங்களில் இது ஏராளமாகப் போகும். தட்டம்மைக்கு எதிரானதும் போகும், எச்.ஐ.வி.க்கு எதிரானதும் கூடவே போகும். இது வேண்டும், அது வேண்டாம் என்று பிரிக்க நஞ்சுக்கொடிக்குத் தெரியாது. இவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மறைய 18 மாதம்வரை ஆகலாம். அதுவரை சாதாரண எச்.ஐ.வி. சோதனை எடுத்தால் அம்மாவின் சுவடே அதில் தெரியக்கூடும்.

ஆறாவது வாரம் அவன் குதிகாலில் குத்தி, அட்டையில் வரைந்திருந்த வட்டங்களில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வைத்து, காயவிட்டு அனுப்பினார்கள், நினைவிருக்கிறதா? கிருமியின் மரபுப்பொருளையே தேடும் சோதனை அதுதான். நாலு மாதப் பிள்ளைக்கு நான் நம்புவது அந்தச் சோதனையை.

ஆபத்து அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். சிகிச்சையே இல்லாவிட்டால் 100 தாய்மாரில் 15 முதல் 45 பேரின் பிள்ளைகளுக்குத் தொற்றும். ஒழுங்காக மாத்திரை எடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கும். உங்களைப்போல் கிருமி அடங்கியிருந்தால் இன்னும் வெகுவாகக் குறையும். பால் கொடுக்கும் காலம் முழுக்க அந்த நிலை நீடிக்க வேண்டும். அதனால் 6, 12 மாதங்களிலும், பாலை நிறுத்தி ஆறு வாரம் கழித்தும், 18 மாதத்திலும் அவனைச் சோதிக்க வேண்டும். உங்கள் மாத்திரை ஒரு நாளும் தவறக்கூடாது. நகரிக்குப் போய்த் தங்குவதானால் உங்களுக்கு மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு மாநிலத்திலும் நடப்பது ஒரே தேசியத் திட்டம்தான். எல்லை தாண்டியதால் மருந்து நின்றுபோகக் கூடாது.

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீர், வசம்பு உரசியது, கிரைப் வாட்டர், பசும்பால் எதுவும் வேண்டாம். இவற்றால் பிஞ்சுக் குடலின் உட்சுவர் புண்ணானால் கிருமி நுழைய வழி கிடைக்கும். தொற்றுத் தடுப்புக்காக அவன் குடிக்கும் கோட்ரைமாக்சசோல் சிரப்பையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எனக்கு இப்போது கவலை அந்தச் சளியைப் பற்றித்தான். தொற்று இல்லாவிட்டாலும், எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்கு நிமோனியா எளிதில் வருகிறது. தாயிடமிருந்து வரும் பாதுகாப்பும் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தடுப்பூசி ஒன்றும் தள்ளிப்போகக் கூடாது, முக்கியமாக ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி.

மொட்டை தாராளமாகப் போடலாம். சளி விடாதிருந்தால் கிருத்திகைக் கூட்டத்தில் வேண்டாம், முருகன் காத்திருப்பார். எப்போது போட்டாலும் கண்ணெதிரே புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் விதி.

1986இல் சென்னையில் டாக்டர் சுனீதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோது, ஒரு தாய்க்குக் கொடுக்க மருந்தென்று ஒன்றுமில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு மருத்துவமனையில் இலவசக் கூட்டு மருந்து கிடைக்கத் தொடங்கியது. பக்கத்திலுள்ள இலங்கையில் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவது ஒழிந்துவிட்டதென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தாம்பரத்தில் தொடங்கிய அந்த இலவச மருந்தின் தொடர்ச்சிதான் நீங்கள் தினமும் விழுங்கும் மாத்திரை.

ஒப்புதல் வாங்காமல் யாருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாதென்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்களிடம் கேட்டார்களா என்று எழுதவில்லை. அந்த லேப் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். நாளைக் காலையே நம்பிக்கை மையத்து (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகரிடம் காட்டி, அட்டைச் சோதனையை இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை மனம் தாங்காவிட்டால் 1097க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.