தொட்டி ஆலுக்கு எந்த விளக்கு?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் செல்லும் சாலையில் இரவு நேரத்தில் பயணம் செய்திருக்கிறீர்களா? இருபுறமும் தொழிற்கூடங்கள் பகலைப் போல ஒளிர்வதைக் காணலாம். சிறு திருகாணியும் கண்ணுக்குத் தப்பாத வெளிச்சம் அங்கே உண்டு. அத்தகைய கூடம் ஒன்றின் நடுவில், தொட்டியில் வளர்த்த ஓர் ஆலமரப் போன்சாயை வைப்பதாகக் கொள்வோம். அது செழிக்குமா?

செழிக்காது. முதலில் இலைகள் மெலியும். பின்னர் ஒவ்வொன்றாக உதிரும். தண்ணீரும் எருவும் தவறாமல் கொடுத்தாலும் சில மாதங்களில் மரம் நலிந்துவிடும். அதற்கு வந்த நோய் பட்டினி! இவ்வளவு வெளிச்சத்தில் பட்டினியா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடை தெரிந்தால், போன்சாய்க்கு ஏற்ற விளக்கை நீங்களே கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

உருவம் சிறிது, பசி பெரிது

போன்சாய் என்பது ஒரு தனி மர இனம் அன்று. சென்னை அடையாற்றில் பல விழுதுகளை ஊன்றிப் பரந்து நிற்கும் புகழ்பெற்ற ஆலமரத்தை அறிவீர்கள். 1989ஆம் ஆண்டுப் புயலில் அதன் தாய்த்தண்டு சாய்ந்தது; ஆயினும் விழுதுகள் தாங்க, மரம் வாழ்கிறது. தொட்டியில் ஒரு முழ உயரம் நிற்கும் ஆலும் அதே இனமே. கிளையையும் வேரையும் அவ்வப்போது கத்தரித்து உருவத்தைக் குறுக்கியிருக்கிறோம். ஆனால் அதன் ஒவ்வோர் இலையும் வெயிலில் வாழப் பழகிய இலையே.

நிழலில் வைத்தால் இன்னொரு கேடும் உண்டு. ஒளியைத் தேடித் தண்டு நீளும், கணுக்களுக்கு இடையே தூரம் கூடும், இலை பெரிதாகும். சிறிய இலையும் நெருங்கிய கணுவும்தானே போன்சாயின் அழகு? ஒளி குறைந்தால் அந்த அழகே போய்விடுகிறது.

கண்ணின் அளவுகோல்

வெளிச்சத்தை நாம் லக்ஸ் என்னும் அலகால் அளக்கிறோம். இது மனிதக் கண்ணுக்காக வகுத்த அலகு. நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை மிக நன்றாக உணர்கிறது. அந்த உணர்வை 100 எனக் கொண்டால், 660 நானோமீட்டர் சிவப்புக்கு அது ஏறத்தாழ 6. 450 நானோமீட்டர் நீலத்திற்கு ஏறத்தாழ 4 மட்டுமே.

இலையின் கணக்கு வேறு. ஜெர்மானிய அறிஞர் எங்கல்மன் 1882இல் ஓர் அழகிய சோதனை செய்தார். முப்பட்டகத்தால் பிரித்த நிறமாலையை ஓர் இழைப்பாசியின் மேல் விழச் செய்து, ஆக்சிஜனை நாடிச் செல்லும் பாக்டீரியாக்களை அதனருகே விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் திரண்டு மொய்த்தன. அங்கேதான் ஒளிச்சேர்க்கை மிகுதியாக நடந்து ஆக்சிஜன் வெளிவந்தது! பச்சை ஒளி முற்றிலும் வீணாகிறது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1972இல் மக்ரீ என்பவர் பல பயிர்களின் இலைகளைக் கொண்டு வெளியிட்ட அளவீடுகள், பச்சை ஒளியும் கணிசமாகப் பயன்படுவதைக் காட்டின.

ஒளிச்சேர்க்கையில் இலை எண்ணுவது ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகள்களையே. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள துகள்களே கணக்கில் சேரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடியில் விழும் துகள்களை மைக்ரோமோலில் கூறுவது வழக்கம். வேதியியலில் நீங்கள் படித்த அதே மோல்தான். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல்.

லக்ஸிலிருந்து இதைத் தோராயமாகக் கணக்கிட ஒரு வழி உண்டு. சூரிய ஒளியானால் லக்ஸை 54ஆல் வகுக்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி. ஒளியானால் 70ஆல் வகுக்க வேண்டும். நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது ஏறத்தாழ 1,850 மைக்ரோமோல். நன்கு ஒளியூட்டிய ஒரு தொழிற்கூடத்தில் 500 லக்ஸ் என்று கொண்டால், அது 7 மைக்ரோமோல் மட்டுமே!

தாவரம் உணவு தயாரிப்பதோடு, சுவாசத்தின் மூலம் அதைச் செலவும் செய்கிறது. வரவும் செலவும் சரியாக நிற்கும் ஒளியளவு, நிழல் விரும்பும் செடிகளுக்குப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலுக்கும் குறைவு. வெயிலில் வாழும் மரங்களுக்குப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலுக்கு மேல். எனவே 7 மைக்ரோமோலில் நிற்கும் ஆலுக்கு வரவைவிடச் செலவே அதிகம். சேமித்து வைத்த மாவுச்சத்து தீரும்வரை அது தாக்குப்பிடிக்கும். நம் கண்ணுக்கோ எல்லாம் பளிச்சென்று தெரிகிறது!

ஒரு நாள் உணவு

ஒரு நாள் முழுவதும் விழும் துகள்களைக் கூட்டிப் பார்ப்பதே சிறந்தது. நம் பகுதியில் திறந்த வெளியில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் சராசரியாக 35 முதல் 40 மோல் துகள்கள் விழுகின்றன. ஆல், அரசு, இச்சி ஆகியவற்றை வீட்டுக்குள் வளர்க்க 10 மோல் என்பதை இலக்காகக் கொள்ளலாம். விளக்கை 14 மணி நேரம் எரிய விடுவதாகக் கொள்வோம்:

200 மைக்ரோமோல் × 14 × 3,600 = 1,00,80,000 மைக்ரோமோல்; அதாவது சுமார் 10 மோல்.

ஆகவே இலையின் மேல் 200 மைக்ரோமோல் விழ வேண்டும். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் இது 14,000 லக்ஸ் ஆகும்.

கடையில் எதை வாங்குவது?

பழைய இழை பல்பு வேண்டாம். அது வாங்கும் மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. அருகில் வைத்தால் இலை கருகும். குழல்விளக்கு அதைவிட மேல். இன்று எல்.இ.டி.யே சிறந்தது. நீல ஒளி தரும் எல்.இ.டி. உருவான பிறகே வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாயிற்று. அதற்காக அகாசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் தொட்டி மரத்தின் தலைப்பகுதி 30 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் பரவியுள்ளது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.09 சதுர மீட்டர். அதில் 200 மைக்ரோமோல் வீதம் விழ, வினாடிக்கு 18 மைக்ரோமோல் தேவை. விளக்கின் ஒளியில் பாதி பக்கவாட்டில் சிதறிப்போகும் எனக் கொண்டால், விளக்கு 36 மைக்ரோமோல் தர வேண்டும்.

சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 900 லூமன் தருகிறது. 70ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13 மைக்ரோமோல். ஆகவே பிரதிபலிப்பானுடன் மூன்று பல்புகள், அதாவது 27 வாட் தேவை. செடிகளுக்கென்றே செய்த நல்ல எல்.இ.டி. விளக்கு ஒவ்வொரு வாட்டுக்கும் வினாடிக்கு 2.5 மைக்ரோமோல் வரை தரும். அதில் 15 வாட் போதும். 30 நாள் மின்செலவு முதலாவதில் 11.3 யூனிட், இரண்டாவதில் 6.3 யூனிட். சிறப்பு விளக்கின் கூடுதல் விலை எத்தனை மாதங்களில் ஈடாகும் என்று உங்கள் வீட்டு மின்கட்டணத்தைக் கொண்டு நீங்களே கணக்கிடுங்கள்.

சிவப்பும் நீலமும் கலந்து ஊதா நிறத்தில் ஒளிரும் விளக்குகளும் விற்கின்றன. அதில் ஓர் இயற்பியல் நியாயம் உண்டு. துகளின் ஆற்றல் அலைநீளத்திற்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், ஒரே அளவு ஆற்றலில் நீலத் துகள்கள் 100 என்றால் 660 நானோமீட்டர் சிவப்புத் துகள்கள் 147 கிடைக்கும். நீலமும் ஓரளவு வேண்டும். அது தண்டு நீளாமல் அடக்கி வைக்கிறது. ஆனால் ஊதா ஒளியில் இலையின் உண்மை நிறம் தெரியாததால் பூச்சியும் நோயும் கண்ணுக்குத் தப்பும். அங்கே லக்ஸ் அளவும் பயன்படாது. வீட்டில் வைக்க வெள்ளை விளக்கே வசதி.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட "1,000 வாட்" என்பதை நம்பி ஏமாறாதீர்கள். மின்கம்பியிலிருந்து உண்மையில் எத்தனை வாட் எடுக்கிறது, வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்ற இரண்டையும் கேளுங்கள். இவை குறிப்பிடப்படாத விளக்கை வாங்காமல் இருப்பதே நல்லது.

தூரமே துணை

சிறு பல்பிலிருந்து விலக விலக, ஒளிச்செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 60 செ.மீ. உயரத்தில் உள்ள பல்பை 30 செ.மீ.க்கு இறக்கினால் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரு யூனிட் கூடச் செலவில்லை! நீண்ட குழல்விளக்குக்கு அருகில் இவ்விதி அப்படியே பொருந்தாது. அங்கே தூரம் பாதியானால் ஒளி சுமார் இருமடங்காகும்.

நிழலில் இருந்த மரத்தை ஒரே நாளில் கடும் ஒளிக்குக் கொண்டுவரக் கூடாது, இலை வெந்துவிடும். இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக விளக்கைத் தாழ்த்துங்கள். 14 மணி நேரத்திற்குப் பின் இருள் கொடுங்கள். மரத்திற்குத் தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். விளக்கை நேராக உற்று நோக்காதீர்கள்.

விளக்குக்கு முன் வானம்

இவ்வளவும் கற்ற பின் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மிகக் குறுகிய பகலே 11 மணி 20 நிமிடம் நீள்கிறது. நேர் வெயில் படாவிட்டாலும், வானம் நன்கு தெரியும் ஒரு பால்கனியில் பகலில் 10,000 லக்ஸ் கிடைத்தால் அது 185 மைக்ரோமோல். நம் இலக்குக்கு மிக அருகில்! எனவே பால்கனியோ மொட்டைமாடியோ உள்ளவர்கள் மரத்தை அங்கேயே வையுங்கள். எதிர்க் கட்டடம் வானத்தை மறைக்கும் அடுக்குமாடி வீட்டில், சன்னலில்லாத வாடகை அறையில் வாழ்பவர்களுக்கே விளக்கு தேவை.

செய்து பாருங்கள்

கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை நிறுவுங்கள். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு எல்.இ.டி. பல்பிலிருந்து 20, 30, 40, 60 செ.மீ. தூரங்களில் அளவெடுங்கள். தூரத்தின் இருமடியின் தலைகீழ் மதிப்பை ஓர் அச்சிலும் லக்ஸை மற்றோர் அச்சிலும் குறித்து வரைபடம் வரையுங்கள். நேர்கோடு கிடைக்கிறதா? எங்கே விலகுகிறது? பல்பு ஒரு புள்ளி அன்று என்பதும், சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன என்பதும் அப்போது விளங்கும். பிறகு உங்கள் வீட்டுத் தொட்டிச் செடியின் இலையருகே கைப்பேசியை வைத்துப் பகலில் அளந்து பாருங்கள். அது வயிறார உண்கிறதா, பட்டினி கிடக்கிறதா என்பதை அந்த எண் உங்களுக்குச் சொல்லும்.