காரில் கடகட சத்தமா? முதலில் டிக்கியைத் திறங்கள்

"வண்டியில் ஏதோ சத்தம் வருது, என்னன்னு பாருங்க" என்று சாவியை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு வந்தால், சாயங்காலம் இரண்டு ஷாக் அப்சார்பரும் மாற்றிய பில் வரும். சத்தம் போயிருக்குமா என்பது வேறு விஷயம். எப்போது, எந்தப் பக்கம் வருகிறது என்று நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். அதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை இறுக்கும் போல்ட் தளர்ந்திருக்கும். ஜாக்கியும் ஸ்பேனரும் உறையை விட்டு வெளியே உருண்டுகொண்டிருக்கும். கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு பெட்டியில் சில்லறை, ஆளில்லாத பின்சீட்டில் பிளாஸ்டிக்கை இடிக்கும் சீட் பெல்ட் கொக்கி, ஆடும் நம்பர் பிளேட் எல்லாவற்றையும் பாருங்கள். சமீபத்தில் டயர் கழற்றி மாட்டியிருந்தால் வீல் நட்டுகளை உடனே சரிபாருங்கள். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து, வண்டியை நிறுத்தியபடியே இன்ஜினை ஓடவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, மெல்ல ரேஸ் கொடுங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் சஸ்பென்ஷனைச் சந்தேகிக்க வேண்டாம். ஏசியைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். கிளட்சை மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டுமே மெக்கானிக் வேலை.

குறிப்பிட்ட ரேஸில் மட்டும் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியதுபோல் ஒலித்தால் சைலன்சர் குழாய்மேல் இருக்கும் ஹீட் ஷீல்டைப் பாருங்கள். மெல்லிய தகடு, போல்ட் துருப்பிடித்துத் தகடு ஆடும். இன்ஜின் நன்றாக ஆறியபின் கையால் தட்டினாலே தெரியும். குழாயைச் சுற்றி வரும் அளவுக்குப் பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் ஒன்றை வாங்கி, தகட்டோடு சேர்த்து இறுக்கினால் போதும். தகட்டையே பிய்த்து எறியச் சொல்பவர்களும் உண்டு. கேட்காதீர்கள், வண்டியின் அடித்தளத்தையும் ஒயர்களையும் சூட்டிலிருந்து காப்பது அதுதான். ரப்பர் சுத்தியலால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தட்டும்போது உள்ளே கலகலத்தால், தேன்கூடு போன்ற அதன் உட்பகுதி உடைந்திருக்கிறது. அதற்குக் கிளாம்ப் உதவாது.

ஓட்டும்போது மட்டும் சத்தம் வந்தால், பாட்டையும் ஏசியையும் அணைத்து, கண்ணாடியை இறக்கி, மதில் ஓரமாக மெதுவாகப் போங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். பிரேக்கை லேசாகத் தொட்டதும் அடங்கினால் பிரேக் பேடு அல்லது கேலிப்பர் பின். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக்டக்கென்று வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட்.

நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் மாட்டுவது, ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடு. சின்னச் சின்னப் பள்ளங்களில், குறைந்த வேகத்தில், முன்பக்கம் கடகடவென்று அடிக்கும். அதன் இரு முனைகளிலும் சின்ன பால் ஜாயின்ட் இருக்கும். மேலிருக்கும் ரப்பர் உறை கிழிந்ததும் மழைநீரும் சேறும் உள்ளே போய், கிரீஸ் போய், ஆட்டம் கண்டுவிடும். வண்டி சமதரையில் நிற்கட்டும். ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்து, டயருக்குப் பின்னால் கைவிட்டு ராடைப் பிடித்து ஆட்டுங்கள். 'டொக்' என்று தட்டினால் அதுதான். மாற்றும்போது முன்னிரு சக்கரங்களையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுகி நின்று, ராடு கழலாது, புதியதும் ஏறாது. நட்டைத் திருப்பும்போது ஸ்டட்டும் கூடவே சுற்றும். பல வண்டிகளில் அதன் நடுவிலுள்ள குழியில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். துருவுக்கு முந்தைய நாளே எண்ணெய் தெளித்து வையுங்கள். இரு பக்கமும் ஜோடியாக மாற்றுவது நல்லது. இதற்கு அலைன்மென்ட் தேவையில்லை. யாராவது பில்லில் சேர்த்தால் காரணம் கேளுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நுழைக்காதீர்கள். பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி ஸ்டாண்டில் வண்டியை இறக்கிய பிறகே கைவைக்க வேண்டும்.

சக்கரம் தரையிலிருந்து தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங்; நிற்காவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் (லிங்க் ராடில் உள்ளது அல்ல). இந்த பால் ஜாயின்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும். அந்த வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போகாமல், கட்டியிழுத்தும் போகாமல், ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

வேலை முடிந்ததும் சத்தம் கேட்ட அதே சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாற்றிய பழைய லிங்க் ராடையோ பால் ஜாயின்ட்டையோ கேட்டு வாங்கி, கையால் அசையுங்கள். இறுக்கமாக இருந்தால், மாற்ற வேண்டிய பாகம் அது இல்லை.