பாய்மரமும் இழுகம்பியும்

மைசூரில் இருந்துகொண்டு பாய்மரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான், மலைகளைக் கடந்தால்தான் நமக்கு மங்களூர்க் கடற்கரை. ஆயினும் பாய்மரத்துக்கும் இப்பகுதிக்கும் உள்ள உறவு பழையது. நம் பக்கத்துக் குடகிலும் கன்னடக் கரையோர மலைகளிலும் புன்னை இனத்து நெடுமரம் ஒன்று வளர்கிறது. நேராக ஓங்கி உயரும் அம்மரத்தை ஆங்கிலேயர் 'பூன்' என்றனர். 19-ஆம் நூற்றாண்டில் அதைக் கப்பல்களின் பாய்மரத்துக்கென்றே தேடி வாங்கினர். இன்னோர் உறவு காவிரி. கூம்பையும் மேற்பாயையும் களையாமலே பெருங்கலம் ஒன்று புகார்த் துறைக்குள் புகுந்ததைப் புறநானூற்றின் 30-ஆம் பாட்டு கூறுகிறது. கூம்பு என்பது பாய்மரத்தின் பழந்தமிழ்ப் பெயர்.

அந்தக் காவிரியைத் தேக்கி நிற்கும் கிருஷ்ணராஜ சாகரத்தின் பின்னீர்ப் பகுதியில், சென்ற கோடை விடுமுறையில், 21 அடி நீளமுள்ள பழைய பாய்ப்படகு ஒன்றைச் செப்பனிடும் வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன். கடலில் பல ஆண்டு ஓடியபின் இங்கே கொண்டுவரப்பட்ட படகு அது. வேலையை நடத்தியவர் கடலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நூலில் படித்த விசைக் கணக்குகளுக்கு அங்கேதான் எனக்குப் பொருள் விளங்கிற்று. அவரிடம் கற்றதையும் பின்னர்ப் படித்ததையும் இங்கே முறையாகச் சொல்ல முயல்கிறேன்.

பாய்மரம் எப்படி நிற்கிறது?

நம் தெருவில் மின்கம்பி வளைந்து திரும்பும் இடத்துக் கம்பத்தைப் பாருங்கள். கம்பி இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, உச்சியிலிருந்து தரைக்கு ஒரு கம்பி சாய்வாக இறங்கும். மின்வாரியத்தார் அதை 'ஸ்டே' என்பர். அது இல்லையேல் கம்பம் நாளடைவில் சாய்ந்துவிடும். பாய்மரமும் இவ்வாறே நிற்கிறது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரு விலாவிலும் சில என்று இழுகம்பிகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பாயை ஏற்றி இறக்கும் கயிறு வேறு. அதனை நம் கடலோடிகள் ஆஞ்சான் என்பர். ஆஞ்சான் அறுந்தால் பாய் இறங்கும். இழுகம்பி அறுந்தால் மரமே விழும்.

இனி ஒரு சிறு கணக்கு. விலாக் கம்பி பாய்மரத்தோடு 12 பாகைக் கோணத்தில் சேர்கிறது என்று கொள்வோம். காற்று உச்சியைப் பக்கவாட்டில் 100 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ளுகிறது. அதைத் தாங்கக் கம்பியில் எவ்வளவு இழுவிசை வேண்டும்? 100-ஐ 12 பாகையின் சைன் மதிப்பாகிய 0.208-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 480 கிலோ வருகிறது. தள்ளும் விசையைப் போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! அதே கம்பி பாய்மரத்தைக் கீழ்நோக்கி 470 கிலோ அளவுக்கு அழுத்தவும் செய்கிறது. ஆகவே பாய்மரம் காற்றில் வளையும் கொம்பு மட்டுமன்று. பெரும் பாரம் தாங்கும் தூணும் ஆகும். கோணம் 24 பாகையானால் கம்பியின் இழுவிசை சுமார் 246 கிலோவாகக் குறைந்துவிடும். மரத்தின் நடுவே இருபுறமும் கைகளைப் போல் விரிகோல்கள் வைப்பது இக்கோணத்தை அகலமாக்கத்தான்.

இந்த 480 கிலோவும் எதன் வழியே படகின் உடலுக்குச் செல்கிறது என்பதே அடுத்த கேள்வி. கம்பியின் முனையில் அழுத்தி இறுக்கிய குழல். குழலுக்குக் கீழே இறுக்கம் திருத்தும் டர்ன்பக்கிள். அதைக் கோத்துப் பிடிக்கும் விரல் பருமனான முளை. முளை கழலாமல் காக்கும் சிறு ஸ்பிளிட் பின். பின்னர் மேல்தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கும் பிடிதகடு. இவற்றுள் எது போனாலும் மற்றவை இருந்து பயனில்லை. சில ரூபாய் விலையுள்ள ஸ்பிளிட் பின் கழன்றால், பல இலட்சம் விலையுள்ள பாய்மரம் கடலில் கிடக்கும்.

பாய்மரம் விழுந்தால்

இது வெறும் பொருள் இழப்பன்று. 2018-ஆம் ஆண்டு நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டிய 'துரியா' என்னும் படகில் கோல்டன் குளோப் என்ற உலகைச் சுற்றும் தனிப் பயணப் போட்டியில் கலந்துகொண்டார். 1968-69-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றிவந்த, பம்பாயில் கட்டப்பட்ட 'சுகைலி' படகின் சாயலில் அமைந்தது துரியா. செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில், பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில், பெரும்புயல் அதைப் புரட்டிப் போட்டது. பாய்மரங்கள் முறிந்தன. முதுகில் கடுங்காயம் அடைந்த அபிலாஷ் எழ இயலாமல் படகுக்குள் கிடந்தார். மூன்று நாள் கழித்தே பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' வந்து அவரை மீட்டது.

அதே புயலில் அயர்லாந்தைச் சேர்ந்த கிரெகோர் மெக்கக்கின் என்பவரும் தம் பாய்மரங்களை இழந்தார். அவர் கிடைத்ததைக் கொண்டு ஒரு தற்காலிகப் பாய்மரத்தை நிறுத்தி, காயமுற்ற அபிலாஷ் இருந்த திசை நோக்கித் தம் படகைச் செலுத்தினார். இழுகம்பி, முளை, கயிறு ஆகியவற்றின் இயல்பைக் கையால் அறிந்தவரே இப்படிச் செய்ய முடியும். அத்தகைய புயலின் முன் எந்தச் செப்பனிடலும் முழுக் காப்பு ஆகாது. ஆனால் சிறு காற்றில் விழக்கூடிய மரத்தை விழாமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

செப்பனிடும் முறை

முதலில் பாய்மரத்தைக் கழற்றிப் படுக்க வைக்க வேண்டும். நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்லும் முடிவை நம்பலாகாது. கழற்றுமுன் ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டுக் கட்டி, டர்ன்பக்கிளின் நிலையை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

இக்காலப் படகுகளில் இழுகம்பி பெரும்பாலும் 19 புரிகளை ஒன்றாக முறுக்கியது. கடலுக்கு ஏற்றது 316 என்னும் வகைத் துருப்பிடிக்காத எஃகு. பெரியவர் ஒரு பிடி பஞ்சை என்னிடம் தந்து, "பளபளன்னு இருக்கேன்னு விட்டுடாதே தம்பி. பஞ்சைச் சுத்திப் பிடிச்சு அடி முதல் நுனி வரை இழு" என்றார். இழுத்தேன். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நின்றது. அங்கே ஒரு புரி அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு புரி அறுந்தாலும் அக்கம்பியை மாற்றியே ஆக வேண்டும். மீதிப் புரிகளும் அதே அளவு உழைத்துக் களைத்தவையே.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. அவ்வெஃகில் உள்ள குரோமியம் காற்றின் உயிர்வளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகி உலோகத்தைக் காக்கிறது. உயிர்வளி புகாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் அப்படலம் அழியும், மீண்டும் உண்டாகாது. எனவே கேடு தொடங்குவது நாம் காணும் பளபளப்பான இடத்திலன்று. குழல் முனைக்குள்ளும், மேல்தளத்துக்குள் மறைந்திருக்கும் பிடிதகட்டின் பகுதியிலுமே. எங்கள் படகின் பிடிதகடு ஒன்றைக் கழற்றிச் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, அதன்மேல் வெள்ளைப் பொடிக் கரைசலைத் தெளித்தோம். போல்ட் துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற சிவப்புக் கோடு தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அது. அன்று மாலை வரை அத்தகட்டை நம்பித்தான் அந்தப் படகு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடியது.

அலுமினியப் பாய்மரமானால் வேறொரு தொல்லை உண்டு. அலுமினியமும் எஃகும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் சிறு மின்கலம் போல் ஆகி, அலுமினியம் அரிக்கப்படும். திருகாணிகளைச் சுற்றி வெண்பொடி தென்பட்டால் அதுவே அடையாளம். இரு உலோகங்களுக்கும் இடையே மின்கடத்தாத பசையோ தகட்டுத் துண்டோ இட வேண்டும்.

மேல்தளக் கருவிகள்

கயிறுகளைச் சுற்றி இழுக்கும் வின்ச், கட்டும் கிளீட், கைப்பிடிக் கம்பிகள் ஆகியவற்றைத் தாங்குவது மேல்தளம். அது பெரும்பாலும் இரண்டு கண்ணாடியிழைத் தட்டுகளுக்கு நடுவே மென்மரம் வைத்துச் செய்தது. போல்ட்டின் ஓரமாக நீர் கசிந்தால் நடுமரம் உளுத்துப்போகும். பின்பு போல்ட்டை எத்தனை இறுக்கினாலும் நில்லாது. இதற்கு வழி எளிது. துளையைப் பெரிதாக்கி, உளுத்த மரத்தைச் சுரண்டி, எப்பாக்சிப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் புதுத் துளை இட வேண்டும். அடியில் அகலமான உலோகத் தகடு வைத்தால் பாரம் பரவும். நீர்காப்புப் பசை பூசி முதலில் பாதியளவே இறுக்கி, பசை சற்று இறுகியபின் முழுதும் இறுக்குவது நல்லது. ஒரேயடியாக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும்.

வின்ச்சைப் பிரித்துக் கழுவும்போது பற்சக்கரங்களுக்குக் கிரீசும், பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு கொக்கிகளுக்கு எண்ணெய் மட்டுமே இடுவர். கிரீஸ் பட்டால் கொக்கி ஒட்டிக்கொள்ளும். பாரத்தோடு கைப்பிடி திரும்பிச் சுழன்று கையை முறித்துவிடும்.

பின்னர் மரத்தை நிறுத்தி, இருபுறக் கம்பிகளையும் சமமாக இறுக்கி, அடியிலிருந்து நுனிவரை கண்ணோட்டம் பார்த்து நேராக்க வேண்டும். எல்லா ஸ்பிளிட் பின்களையும் விரித்து, கூர்முனை பாயைக் கிழிக்காதபடி நாடா சுற்றினால் வேலை முடிந்தது. முதல் ஓட்டத்துக்குப் பின் மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும். புதுக் கம்பி சிறிது நீளும்.

நம்மவர் வழி

இந்த அறிவு தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளோடு 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. நம் காலத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பினர். தாரிணியின் பாய்மரம் 25 மீட்டர் உயரம். எட்டு மாடிக் கட்டடத்துக்கு நிகர். பிரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் மட்டுமே அவர்கள் தங்கினர். இடைப்பட்ட கடலில் ஒரு முளை கழன்றால் அதைக் கண்டு பொருத்த இருவரே உண்டு. அழைத்தவுடன் வர வேறு ஆள் இல்லை.

அபிலாஷும் ஓய்ந்துவிடவில்லை. முறிந்த முதுகெலும்பைச் சீர்செய்துகொண்டு, 'பயானத்' என்ற வேறு படகைச் செப்பனிட்டு, அதே போட்டியில் மீண்டும் இறங்கி, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராக வந்து சேர்ந்தார்.

பொறியியல் பயிலும் தோழர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். பாலமாயினும் கோபுரமாயினும் படகாயினும், நாம் வரையும் படத்தில் பெரிய உறுப்புகள் பெரிதாகத் தெரியும். முளையும் ஆணியும் புள்ளியாகவே தெரியும். ஆனால் முழுப் பாரமும் அந்தப் புள்ளி வழியாகவே செல்கிறது. அந்தப் புள்ளியைக் கழற்றி, கையில் எடுத்து, வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே கற்றுக்கொள்வோமாக. நாம் செய்யும் பொருளை நம்பி ஏறப்போகும் மனிதர் அதைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அவருக்காகப் பார்க்க வேண்டியவர் நாமே.